யூரியா எவ்வளவு இறங்கியது: டயாலிசிஸ் போதுமானதா என்று அளப்பதற்கான முழுமையான வழிகாட்டி

டயாலிசிஸ் பிரிவில் நான் பணிக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நோயாளியின் மாத அறிக்கையில் யூரியாக் குறைப்பு 74 விழுக்காடு என்று தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. எங்கள் பதிவேட்டில் அது நல்ல எண். பச்சை மையால் குறிக்கப்படும் எண். ஆனால் ஒவ்வொரு முறையும் அவருடைய மனைவி கட்டிலருகே நின்றுகொண்டு, "தம்பி, ரிப்போர்ட்ல எல்லாம் நல்லாருக்குன்னு சொல்றீங்க, இவருக்கு எதை வாயில வச்சாலும் குமட்டுதே" என்று கேட்பார். மூத்த செவிலியர் ஒருவர் ஒரு நாள் தாமே நின்று பின் மாதிரியை, அதாவது சிகிச்சை முடிவில் எடுக்கும் இரத்த மாதிரியை, எடுத்தார். இரத்தப் பம்பின் வேகத்தைக் குறைத்து, கால் நிமிடம் பொறுத்து, அதன் பிறகே சிரிஞ்சை இழுத்தார். தொடங்கும்போது 150 ஆக இருந்த யூரியா, முன்பெல்லாம் முடிவில் 39 என்று வந்தது. அன்று 57 என்று வந்தது. குறைப்பு விகிதம் 62. முன்பு மாதிரி எடுத்தவன் நான்தான். பம்பு முழு வேகத்தில் ஓடும்போதே எடுத்து, சுத்தமாகித் திரும்பிய இரத்தம் கலந்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி வந்திருக்கிறேன்.

டயாலிசிஸ் எவ்வளவு சுத்தம் செய்தது என்பதை அளக்கும் முறைகளைப் படிப்படியாக எழுதும்போது, சூத்திரத்தைவிட மாதிரி எடுக்கும் இரண்டு நிமிடங்களுக்கு நான் கூடுதல் இடம் கொடுப்பதற்கு அதுவே காரணம். இவ்வழிகாட்டி, வாரத்துக்கு 2 அல்லது 3 முறை இரத்த டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர்களைப் பற்றியது. பிரிவில் பணியாற்றுவோருக்காகவே பெரும்பகுதி எழுதப்பட்டிருந்தாலும், தம் அறிக்கையைத் தாமே படிக்க விரும்பும் நோயாளிகளும் குடும்பத்தாரும் பின்தொடரும்படி எழுத முயன்றிருக்கிறேன். சிகிச்சையில் எந்த மாற்றத்தையும் சிறுநீரக மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

எதை அளக்கிறோம், ஏன் யூரியாவை

சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தில் தேங்கும் கழிவுகள் பல. அவற்றுள் யூரியா மிகக் கொடிய நஞ்சு அன்று. ஆனாலும் அதையே அளவுகோலாகக் கொள்கிறோம். ஏனெனில், அது மிகச் சிறிய மூலக்கூறு (மூலக்கூற்று எடை 60). உடலின் நீர் உள்ள இடமெல்லாம் பரவி நிற்கிறது. இரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டியான டயாலைசரின் சவ்வைத் தடையின்றிக் கடக்கிறது. எந்தச் சிறிய ஆய்வகத்திலும் குறைந்த செலவில் அளக்கலாம். கழிவு வெளியேற்றத்தின் பிரதிநிதியாக அது நிற்கிறது.

இங்கே ஒரு தவறான புரிதலை முதலிலேயே விலக்க வேண்டும். டயாலிசிஸுக்கு முன்னால் எடுத்த யூரியா அளவு குறைவாக இருப்பதால் மட்டும் சிகிச்சை நன்றாக நடக்கிறது என்று சொல்ல முடியாது. யூரியா, நாம் உண்ணும் புரதத்திலிருந்து உருவாகிறது. பசியில்லாமல் கஞ்சியும் ரசமும் மட்டும் குடித்துக்கொண்டிருப்பவருக்கு முன் யூரியா 70 என்று வரலாம். அது ஊட்டக்குறைவின் அடையாளமாக இருக்கக்கூடும். முட்டையும் மீனும் ஒழுங்காக உண்பவருக்கு 150 வந்தாலும், முறையாக வெளியேற்றப்பட்டால் அவர் நன்றாக இருப்பார். ஆகவே ஓர் ஒற்றை அளவைப் பார்ப்பதைவிட, ஒரு சிகிச்சைக்குள் அது எவ்வளவு இறங்கியது என்பதைப் பார்ப்பதே பொருளுடையது.

இந்தச் சிந்தனை வலுப்பெற்றது அமெரிக்காவில் நடந்த தேசியக் கூட்டு டயாலிசிஸ் ஆய்வுக்குப் பிறகு. அதன் முடிவுகள் 1981-இல் வெளிவந்தன. 1985-இல் ஃபிராங்க் காட்ச், ஜான் சார்ஜென்ட் ஆகிய இருவரும் அந்த ஆய்வின் தரவுகளை மீண்டும் ஆராய்ந்து, இன்று ஒவ்வொரு பிரிவிலும் வாய்ப்பாடாகச் சொல்லப்படும் 'கேடி/வி' என்ற எண்ணை நிலைநிறுத்தினார்கள். கே என்பது ஒரு நிமிடத்தில் டயாலைசர் எத்தனை மில்லிலிட்டர் இரத்தத்தை யூரியா இல்லாமல் ஆக்குகிறது என்பது. டி என்பது சிகிச்சை நேரம். வி என்பது நோயாளியின் உடலிலுள்ள மொத்த நீர்.

இதை வீட்டுத் தொட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கலங்கிய நீர் நிறைந்த தொட்டியில் ஒரு பக்கம் தெளிந்த நீர் விழுந்து, நன்றாகக் கலந்து, மறுபக்கம் அதே அளவு வழிந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமான நீர் ஒரு முறை ஓடி முடிந்ததும் கலங்கல் முழுவதும் போய்விடாது. போவதில் ஒரு பகுதி ஏற்கெனவே தெளிந்த நீர் என்பதால், சுமார் 37 விழுக்காடு மிஞ்சும். அதுவே கேடி/வி 1. கொள்ளளவைப் போல் 1.2 மடங்கு ஓடினால் மிச்சம் 30 விழுக்காடு. டயாலிசிஸ் முடிவில் யூரியா ஏன் ஒருபோதும் சுழிக்கு வருவதில்லை என்பதற்கும் இதுவே விடை.

படி 1: அளக்கும் நாள்

மாதத்துக்கு ஒரு முறையேனும் அளப்பது சரியான வழக்கம். வாரம் மூன்று முறை வருபவருக்கு வாரத்தின் நடுச் சிகிச்சையில், அதாவது திங்கள், புதன், வெள்ளி வருபவருக்குப் புதன்கிழமையில் எடுப்பது நல்லது. இரண்டு நாள் இடைவெளிக்குப் பின் வரும் திங்களன்று உடல்நீரும் யூரியாவும் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும். முன் மாதிரியும் பின் மாதிரியும் ஒரே சிகிச்சையைச் சேர்ந்தவையாக, ஒரே ஆய்வகத்தில் அளக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். சில ஆய்வகங்கள் இரத்த யூரியா என்றும், சில இரத்த யூரியா நைட்ரஜன் என்றும் தருகின்றன. நைட்ரஜன் அளவை 2.14 ஆல் பெருக்கினால் யூரியா கிடைக்கும். இரண்டு மாதிரிகளும் ஒரே வகையில் இருந்தால் விகிதம் மாறாது. ஒன்று யூரியாவாகவும் மற்றது நைட்ரஜனாகவும் இருந்தால் கணக்கு பாழ்.

'இன்று அளக்கும் நாள்' என்று தெரிந்தால் பிரிவில் எல்லோரும் கூடுதல் கவனத்தோடு இருப்பது மனித இயல்பு: அன்று மட்டும் நான்கு மணி நேரம் நிமிடம் பிசகாமல் நடக்கும், பம்பு வேகமும் 50 கூடியிருக்கும். அளவீடு வழக்கமான சிகிச்சையைக் காட்ட வேண்டும் என்றால் அன்றைய சிகிச்சையும் வழக்கம்போலவே நடக்க வேண்டும். இதை மேற்பார்வையாளர்கள்தான் உறுதி செய்ய இயலும்.

படி 2: முன் மாதிரி

ஃபிஸ்துலா (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் அறுவையால் இணைத்த இடம்) உள்ளவருக்கு முதல் ஊசி ஏற்றியவுடன், சலைனோ (உப்பு நீர்) ஹெப்பாரினோ (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) உள்ளே போவதற்கு முன், அந்த ஊசியிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். ஊசியைச் சலைன் நிரப்பி ஏற்றும் பழக்கம் உள்ள இடங்களில் அளக்கும் நாளில் மட்டுமாவது உலர் ஊசியைப் பயன்படுத்த வேண்டும். கழுத்தில் கத்தீட்டர் என்ற குழாய் உள்ளவருக்கு அதற்குள் ஹெப்பாரின் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். எனவே முதலில் 10 மில்லிலிட்டர் இழுத்து நீக்கிவிட்டு, வேறு சிரிஞ்சில் மாதிரி எடுக்க வேண்டும். மாதிரியில் பத்தில் ஒரு பங்கு சலைன் கலந்தாலும் 140 என்பது 126 ஆகிவிடும். நன்றாக நடந்த சிகிச்சை மோசமாக நடந்ததுபோல் தோன்றும்.

அதே வேளையில் நோயாளியின் எடையையும் சிகிச்சை தொடங்கிய மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். தொடங்கிய மணி என்பது நோயாளி கட்டிலில் படுத்த மணி அன்று. இரத்தம் டயாலைசர் வழியாக ஓடத் தொடங்கி, சவ்வின் மறுபக்கத்தில் கழிவை ஏற்கும் டயாலிசேட் திரவமும் ஓடத் தொடங்கிய மணி.

படி 3: பின் மாதிரி

சிகிச்சை முடியும் தருணத்தில் ஊசிக்கு அருகிலுள்ள தமனிக் குழாயில் (இரத்தத்தை இயந்திரத்துக்குக் கொண்டுவரும் குழாய்; திருப்பிக் கொண்டுபோவது சிரைக் குழாய்) ஓடுவது முழுக்க முழுக்க உடலிலிருந்து வரும் இரத்தமாக இருக்க வேண்டும். இரண்டு ஊசிகள் மிக அருகில் குத்தப்பட்டிருந்தாலோ, ஃபிஸ்துலாவின் மேற்பகுதியில் சிரை குறுகியிருந்தாலோ, சுத்தமாகித் திரும்பிய இரத்தத்தில் ஒரு பகுதி உடலைச் சுற்றி வராமல் உடனே தமனி ஊசிக்குள் மீண்டும் நுழைந்துவிடும். இதை மறுசுழற்சி என்கிறோம். அந்நிலையில் பம்பு ஓட ஓட எடுத்த மாதிரியில் யூரியா பொய்யாகக் குறைந்திருக்கும். நான் செய்த பிழை இதுதான். இதன் விளைவு கொடுமையானது. எந்த நோயாளிக்குச் சிகிச்சை மிக மோசமாக நடக்கிறதோ, அவருடைய எண்ணே மிக நன்றாகத் தெரியும்.

அதைத் தவிர்க்கும் முறை பின்வருமாறு. குறித்த நேரம் முடிந்ததும் முதலில் நீர் எடுப்பதை நிறுத்துங்கள். அடுத்து டயாலிசேட் ஓட்டத்தை நிறுத்துங்கள், அல்லது இயந்திரம் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். இல்லையெனில் காத்திருக்கும் நேரத்திலும் சுத்திகரிப்பு தொடரும். இரத்தப் பம்பை நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டராகக் குறைத்து, கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடி பொறுங்கள். அந்த வேகத்தில் 15 விநாடியில் 25 மில்லிலிட்டர் இரத்தம் நகரும். ஊசிக்கும் மாதிரித் துளைக்கும் இடையிலுள்ள குழாயில் தேங்கியிருந்த பழைய இரத்தம் கடந்துபோவதற்கு அது தாராளமாகப் போதும். உடனே தமனிப் பக்கத்துத் துளையிலிருந்து மாதிரியை எடுத்துவிடுங்கள். பிறகுதான் இரத்தத்தைச் சலைன் விட்டுத் திருப்பிக் கொடுக்கும் வேலை.

பொறுப்பதற்கு எல்லை உண்டு. பம்பு தாழ்ந்த ஓரிரு நிமிடங்களில் உடலின் மற்ற பகுதிகளிலிருந்து வரும், இன்னும் அவ்வளவு சுத்தமாகாத இரத்தம் இதயத்தில் கலந்து யூரியா ஏறத் தொடங்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தசைகளில் தேங்கிய யூரியாவும் வெளியே வந்து இன்னும் ஏறும். ஆகவே ஒரு நாள் 15 விநாடியிலும், மறுநாள் ஐந்து நிமிடம் கழித்தும் எடுத்தால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. எந்த முறையைக் கையாண்டாலும் அதே முறையை எல்லோரும் எப்போதும் கையாள வேண்டும். எங்கள் பிரிவில் இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி ஒவ்வோர் இயந்திரத்தின் பக்கவாட்டிலும் ஒட்டினோம். ஆளுக்கு ஆள் வேறுபடுவது அதன் பிறகுதான் நின்றது.

குழாயில் 'முன்', 'பின்' என்று அங்கேயே எழுதுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று மேசையில் வைத்த இரண்டு குழாய்கள் இடம் மாறிய கதையை எந்தப் பிரிவிலும் கேட்கலாம்.

படி 4: கணக்கு

எளிய கணக்கு யூரியாக் குறைப்பு விகிதம். முன் அளவிலிருந்து பின் அளவைக் கழித்து, முன் அளவால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 52 வயது ஆண்; உயரம் 165 சென்டிமீட்டர்; சிகிச்சை முடிந்தபின் எடை 60 கிலோ; 4 மணி நேரச் சிகிச்சையில் எடுத்த நீர் 2.5 லிட்டர், முன் யூரியா 140, பின் யூரியா 45. கழித்தால் 95, அதை 140-ஆல் வகுத்தால் 67.9 விழுக்காடு.

இந்த விகிதத்துக்கு ஒரு குறை உண்டு. இயந்திரம் எடுக்கும் நீரோடு சேர்ந்தும் யூரியா வெளியே போகிறது. அது விகிதத்தில் தெரிவதில்லை. சிகிச்சை நேரத்திலேயே உடல் புதிதாக உண்டாக்கும் யூரியாவும் கணக்கில் வருவதில்லை. இவ்விரண்டையும் சேர்த்துக்கொள்வதே 1993-இல் ஜான் டாகர்டஸ் வெளியிட்ட சூத்திரம். பின் யூரியாவை முன் யூரியாவால் வகுத்து வரும் எண்ணை 'மிச்சம்' என்று அழைப்போம்.

கேடி/வி = − இயல் மடக்கை (மிச்சம் − 0.008 × மணி நேரம்) + (4 − 3.5 × மிச்சம்) × (எடுத்த நீர் லிட்டரில் ÷ பின் எடை கிலோவில்)

கைப்பேசியிலுள்ள கணிப்பானைப் படுக்கைவாட்டில் திருப்பினால் இயல் மடக்கைக்கான பொத்தான் பெரும்பாலும் தோன்றும். நம் எடுத்துக்காட்டில் மிச்சம் 45 ÷ 140, அதாவது 0.321. நான்கு மணி நேரத்துக்கான 0.032-ஐக் கழித்தால் 0.289. அதன் இயல் மடக்கை −1.24, குறி மாறினால் 1.24. இரண்டாம் பகுதியில் 4-இலிருந்து 3.5 × 0.321 கழிய 2.875, அதை 2.5 ÷ 60 என்பதால் பெருக்கினால் 0.12. கூட்டினால் 1.36.

இப்போது அதே யூரியா அளவுகளை வைத்துக்கொண்டு நீரை மட்டும் மாற்றிப் பாருங்கள். அவர் உப்பைக் கட்டுப்படுத்தி அரை லிட்டர் எடையேற்றத்தோடு வந்திருந்தால் விடை 1.26, நான்கு லிட்டரோடு வந்திருந்தால் 1.43. மூன்றுக்கும் குறைப்பு விகிதம் ஒன்றேதான். ஆனால் நான்கு லிட்டர் எடுத்ததால் எண் உயர்ந்தது என்று மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. 60 கிலோ எடையுள்ளவரிடம் நான்கு மணி நேரத்தில் நான்கு லிட்டர் எடுப்பது, ஒரு கிலோவுக்கு மணிக்கு 16 மில்லிலிட்டருக்கும் மேல். 13-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்வதுதான் இதயத்துக்கு நல்லது.

பிழையின் அளவையும் பார்த்துவிடுவோம். பின் மாதிரியை அவசரமாக எடுத்ததால் 45-க்குப் பதில் 35 என்று வந்திருந்தால் கேடி/வி 1.65 ஆகியிருக்கும். முன் மாதிரியில் சலைன் கலந்து 140 என்பது 126 ஆகியிருந்தால் 1.24 தான் வந்திருக்கும். ஒரே மனிதர், ஒரே சிகிச்சை, 1.24, 1.36, 1.65 என்று மூன்று விடைகள்.

சிகிச்சைக்குப் பின் யூரியா மீண்டும் ஏறுவதையும் கணக்கில் கொள்ள விரும்பினால், ஃபிஸ்துலா உள்ளவருக்கு வந்த விடையை 0.6-ஆல் பெருக்கி, மணி நேரத்தால் வகுத்து, அதை விடையிலிருந்து கழித்து, 0.03 கூட்ட வேண்டும். 1.36 என்பது 1.19 ஆகும். சமநிலை கேடி/வி என்று இதைக் குறிப்பிடுவர். நேரம் குறையக் குறைய இந்த வேறுபாடு பெருகும் என்பதைச் சூத்திரமே காட்டுகிறது. மூன்று மணி நேரத்தில் வேகமாக ஓட்டி முடித்துவிடலாம் என்று சொல்பவர்களிடம் நான் காட்டும் வரி இது.

படி 5: எந்த எண்ணோடு ஒப்பிடுவது

அமெரிக்கத் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையின் 2015 வழிகாட்டுதல், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்வோருக்கு ஒவ்வொரு சிகிச்சையிலும் 1.4 என்ற இலக்கையும், உண்மையில் கிடைத்தது 1.2-க்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லையையும் வைக்கிறது. குறைப்பு விகிதத்தில் சொன்னால் 65 என்பது அடிமட்டம்; 70-ஐ நோக்கி வைத்துக்கொள்வது வழக்கம். சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டவருக்கு எண் எவ்வளவு நன்றாக வந்தாலும் மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகச் சிகிச்சை கூடாது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

அப்படியானால் 1.2-ஐவிட 1.7 சிறந்ததா? 1846 நோயாளிகளைக் கொண்ட ஹீமோ ஆய்வு 2002-இல் இந்தக் கேள்விக்கு விடை தேடியது. வாரம் மூன்று முறை வருவோரில் வழக்கமான அளவையும் உயர்ந்த அளவையும் ஒப்பிட்டதில், மொத்தத்தில் உயிர்பிழைப்பில் வேறுபாடு காணவில்லை. எல்லைக்குக் கீழே விழுவது ஆபத்து. எல்லைக்கு மேலே எண்ணைத் துரத்துவதால் பெரும் பலன் இல்லை.

வாரம் இரண்டு முறை வருபவரும் மிச்சமுள்ள சிறுநீரும்

மேற்சொன்ன இலக்குகள் யாவும் வாரம் மூன்று முறைக்கானவை. நம் ஊரில் பலர் வாரம் இரண்டு முறைதான் வருகிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாகவோ, 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டத்தின் வழியாகவோ சிகிச்சைக் கட்டணம் இல்லாமல் போனாலும், பேருந்துச் செலவும் உடன் வருபவரின் ஒரு நாள் கூலியும் மூன்றாவது நாளைத் தடுத்துவிடுகின்றன. இவர்களுக்கு 1.3 வந்தது, 1.2-ஐத் தாண்டிவிட்டது என்று குறித்துவிட்டு நகர்வது தவறு. சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் உழைக்கும் உறுப்பு. மூன்று சிகிச்சைகளே 12 மணி நேரம்தான். இரண்டு என்றால் எட்டு. இத்தகைய அட்டவணைகளுக்கு வாராந்திரத் தர கேடி/வி என்ற வேறொரு கணக்கு உண்டு. அதன் அடிமட்டம் 2.1. அதில் வாரச் சிகிச்சைகளை வெறுமனே கூட்டுவதில்லை. கணினி நிரலைக் கொண்டு கணக்கிடுவதே நடைமுறை. சிறுநீர் முற்றிலும் நின்றுவிட்ட ஒருவருக்கு வாரம் இரு முறையில் அந்த அடிமட்டத்தை எட்டுவது மிகக் கடினம்.

ஆகவே இரு முறை போதுமா என்ற கேள்வியின் விடை பெரும்பாலும் சிறுநீர்க் குடுவையில் இருக்கிறது. ஒரு சிகிச்சை முடிந்ததிலிருந்து அடுத்த சிகிச்சை தொடங்கும் வரை நோயாளி கழிக்கும் சிறுநீர் முழுவதையும் ஒரே குடுவையில் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். 44 மணி நேரத்தில், அதாவது 2640 நிமிடங்களில், 1320 மில்லிலிட்டர் வந்தால் நிமிடத்துக்கு 0.5. சிறுநீரில் யூரியா 600. இரத்தத்தில் இடைவெளியின் தொடக்கத்தில் 45, இறுதியில் 135, சராசரி 90 என்றால், 0.5-ஐ 600-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 3.3 மில்லிலிட்டர். பார்க்கச் சிறிய எண்; ஆனால் இரவும் பகலும் ஓயாமல் நடக்கும் சுத்திகரிப்பு என்பதால் அதன் மதிப்பு பெரிது. இரண்டுக்குக் கீழே இறங்கினால் இரு முறை அட்டவணையைத் தொடரலாமா என்று மருத்துவர் மறுபடி யோசிக்க வேண்டும். சிறுநீர் மாதந்தோறும் குறைந்துகொண்டே போகும் இயல்புடையது. ஓராண்டுக்கு முன் எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு இன்று முடிவெடுக்க முடியாது. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறையாவது திரும்ப அளப்பது நல்லது.

படி 6: எண் குறைந்தால் எங்கே தேடுவது

முதலில் மாதிரியைச் சந்தேகியுங்கள். அடுத்த சிகிச்சையிலேயே முறைப்படி திரும்ப எடுங்கள். மறுபடியும் குறைவாக வந்தால், எதிர்பார்த்த அளவு எவ்வளவு என்று கணக்கிட்டு ஒப்பிடுவது தேடலைச் சுருக்கும். உடல்நீரை வாட்சன் சூத்திரத்தால் மதிப்பிடலாம். ஆணுக்கு: 2.447 − 0.09516 × வயது + 0.1074 × உயரம் + 0.3362 × எடை. பெண்ணுக்கு: −2.097 + 0.1069 × உயரம் + 0.2466 × எடை. நம் எடுத்துக்காட்டு மனிதருக்கு 35.4 லிட்டர். டயாலைசர் நிமிடத்துக்கு 220 மில்லிலிட்டர் சுத்தம் செய்யும் என்று கொண்டால், 240 நிமிடத்தில் 52.8 லிட்டர், வகுத்தால் 1.49. மருத்துவர் எழுதிக் கொடுத்த சிகிச்சைப்படி எதிர்பார்த்தது 1.49, கிடைத்தது 1.36, இந்த அளவு வேறுபாடு இயல்பானது. எழுதிக் கொடுத்ததே 1.2 என்றால் தவறு இயந்திரத்தில் இல்லை, மருந்துச்சீட்டில் இருக்கிறது. எழுதிக் கொடுத்தது 1.5 ஆக இருந்து 1.1 கிடைத்தால், இடையில் ஏதோ ஒழுகுகிறது.

என் அனுபவத்தில் மிக அடிக்கடி ஒழுகுவது நேரம். இயந்திரம் தயாராகத் தாமதம், 15 நிமிடம். பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கழற்றியது, 10 நிமிடம். மொத்தம் 25, நான்கு மணி நேரத்தில் பத்து விழுக்காட்டுக்கும் மேல். பதிவேட்டில் நான்கு மணி நேரம் என்றே இருக்கும். இயந்திரத்தில் அலாரம் அடித்துப் பம்பு நின்ற நிமிடங்கள் இதில் சேரவில்லை.

அடுத்தது இரத்த ஓட்டம். திரையில் 300 என்று இருந்தால் குழாயில் 300 ஓடுகிறது என்று பொருளில்லை. பம்புக்கு முன்னுள்ள தமனி அழுத்தம் −200-க்கும் கீழே இழுக்கப்பட்டால் குழாய் சப்பையாகி, உண்மை ஓட்டம் திரை எண்ணைவிடக் குறைந்துவிடும். மெல்லிய ஊசி, சுவரில் ஒட்டிய ஊசிமுனை, குறைந்த இரத்த அழுத்தம் எல்லாம் இதற்குக் காரணமாகலாம்.

மறுசுழற்சி இருக்கிறதா என்பதை மூன்று மாதிரிகளால் அறியலாம். சிகிச்சை தொடங்கி அரை மணி ஆனதும், நீர் எடுப்பதை நிறுத்திவிட்டு, முழு வேகத்தில் தமனிப் பக்கமும் சிரைப் பக்கமும் ஒவ்வொரு மாதிரி எடுங்கள். பிறகு முன்பு சொன்னபடி பம்பைத் தாழ்த்தித் தமனிப் பக்கத்திலிருந்து மூன்றாவதை எடுங்கள். மூன்றாவதில் 100, தமனியில் 88, சிரையில் 20 என்றால்: 100-இலிருந்து 88 கழிய 12, 100-இலிருந்து 20 கழிய 80, 12-ஐ 80-ஆல் வகுத்தால் 15 விழுக்காடு. பத்தைத் தாண்டினால் முதலில் ஊசி இடங்களையும், குழாய்கள் மாறி இணைக்கப்பட்டுள்ளனவா என்பதையும் பாருங்கள்; அவை சரியாக இருந்தால் ஃபிஸ்துலாவைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் சொன்ன நோயாளிக்குச் சிரையில் சுருக்கம் இருந்தது. பலூனால் விரித்த பிறகு குமட்டல் சில வாரங்களில் அடங்கியது. அவருடைய மனைவி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு முறை இட்லி கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

டயாலைசரைக் கழுவி மீண்டும் பயன்படுத்தும் பிரிவுகளில் அதன் இழைகளின் உள் கொள்ளளவை ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். புதிதாக இருந்தபோது 110 மில்லிலிட்டர் என்றால் 88-க்குக் கீழே, அதாவது 80 விழுக்காட்டுக்குக் கீழே வந்ததும் அதைக் கைவிட வேண்டும். புதியதை அளக்காமலே 'அட்டையில் இருந்தது' என்று எழுதிக்கொள்வது பரவலான பழக்கம். பிறகு எதோடு ஒப்பிடுவது? ஒவ்வொரு முறையும் சிவந்த இழைகள் மிஞ்சினால் ஹெப்பாரின் அளவையும் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் எண் குறைந்தால், நோயாளியின் உடல் பெரிது என்று பொருள். பம்பு வேகம், பெரிய டயாலைசர், கூடுதல் நேரம் ஆகிய மூன்றில் நேரமே எனக்குப் பிடித்தது. இரத்த ஓட்டத்தை இரட்டித்தாலும் சுத்திகரிப்பு இரட்டிப்பதில்லை. நேரத்தைக் கூட்டினால் பாஸ்பரஸும் நீரும் கூடவே சீராக வெளியேறும்.

இயந்திரம் தானாகக் காட்டும் எண்

புதிய இயந்திரங்கள் சில, டயாலிசேட்டின் உப்புச் செறிவைச் சற்றே ஏற்றி இறக்கி, உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் உள்ள மின்கடத்து வேறுபாட்டிலிருந்து கே-யைக் கணக்கிடுகின்றன. சோடியம் சவ்வைக் கடக்கும் வேகம் யூரியாவை ஒத்திருப்பதால் இது சாத்தியமாகிறது. வேறு சில, வெளியேறும் திரவத்தின் புறஊதா ஒளி உறிஞ்சலைப் பார்க்கின்றன. இரத்தம் எடுக்காமல் ஒவ்வொரு சிகிச்சையிலும் எண் கிடைப்பது பெரிய வசதி. ஆனால் முதல் வகை இயந்திரம் வி-யை அளப்பதில்லை. நாம் உள்ளிட்ட உயரம், எடை, வயதிலிருந்து ஊகிக்கிறது. முந்தைய நோயாளியின் விவரம் அழிக்கப்படாமல் இருந்தால் அவருடைய உடல்நீரால் இவருடைய எண் வகுக்கப்படும். திரையில் வந்த எண்ணைப் போக்கைப் பார்க்கப் பயன்படுத்துங்கள். மாதமொரு முறை இரத்த மாதிரியோடு சரிபாருங்கள்.

வயிற்று வழி டயாலிசிஸ் செய்வோருக்கு முன், பின் என்ற பிரிவே கிடையாது. 24 மணி நேரத்தில் வயிற்றிலிருந்து வடித்த திரவம் முழுவதிலும், சிறுநீரிலும் உள்ள யூரியாவை அளந்து, வாரத்துக்கு 1.7 என்ற அடிமட்டத்தோடு ஒப்பிடுவார்கள்.

குறிப்பேட்டில் எதை எழுதி வைப்பது

மாதந்தோறும் ஒரு வரி போதும்: தேதி, முன் யூரியா, பின் யூரியா, உண்மையாக ஓடிய நிமிடங்கள், எடுத்த நீர், பின் எடை, பம்பு வேகம், தமனி அழுத்தம், டயாலைசர் எத்தனையாவது முறை, மாதிரி எடுத்தவர் பெயர், கேடி/வி. அதே வரியில் பொட்டாசியம், பாஸ்பரஸ், ஹீமோகுளோபின், அல்புமின் ஆகியவற்றையும், நோயாளி அன்று சொன்ன ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யூரியாவைவிடப் பெரிய மூலக்கூறுகள் எவ்வளவு வெளியேறின என்பதை கேடி/வி சொல்லாது. உடலில் நீர் தேங்கியிருப்பதையும் சொல்லாது. பசி, உறக்கம், அரிப்பு, மூச்சிரைப்பு பற்றிய அந்த வாக்கியம் எண்ணோடு முரண்படும் மாதத்தில், மாதிரி எடுத்தவர் பெயரைப் பார்த்து அவரிடம் போய், பம்பைத் தாழ்த்தி 15 விநாடி பொறுத்தீர்களா என்று கேளுங்கள்.